எல்லாம் அந்த நோய்தானா?

1912ஆம் ஆண்டில் இரண்டு மருத்துவ நூல்கள் வெளிவந்தன. ஒன்று, நியூயார்க்கைச் சேர்ந்த ஐசக் ஆட்லர் நுரையீரல் புற்றுநோயைப் பற்றி எழுதியது. அதுவரை வெளியான மருத்துவப் பதிவுகளையெல்லாம் சலித்து அவர் திரட்டியவை 374 நோயாளிகளின் விவரங்கள். இவ்வளவு அரிதான நோய்க்குத் தனி நூல் தேவையா என்ற கேள்வியைத் தானே எழுப்பிக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்துடனேயே அவர் புத்தகத்தைத் தொடங்கினார். மற்றொன்று, மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் பிட்யூட்டரி சுரப்பியையும் அதன் கோளாறுகளையும் பற்றி எழுதியது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவேண்டிய அவசியம் அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. நெஞ்சுக்கூட்டுக்குள் வளரும் ஓர் அபூர்வ நோய்க்கும் மூளைக்கு அடியில் தொங்கும் ஒரு சுரப்பிக்கும் என்ன பேச்சுவார்த்தை?

ஆட்லரின் அபூர்வ நோய் 2022இல் உலகம் முழுவதும் சுமார் 25 லட்சம் பேரைப் புதிதாகப் பிடித்தது. சுமார் 18 லட்சம் பேரைக் கொன்றது. புற்றுநோய்களில் முதலிடம் அதற்குத்தான். நடுவில் சிகரெட் வந்தது. 1950இல் லண்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும், அமெரிக்காவில் விண்டரும் கிரஹாமும், புகைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை எண்களில் காட்டினார்கள். அந்த கிரஹாம்தான் 1933இல் ஒரு புற்றுநோயாளியின் நுரையீரல் ஒன்றை முழுமையாக அகற்றி வெற்றி கண்ட எவர்ட்ஸ் கிரஹாம். புகைபிடிக்கும் பழக்கம் உள்ளவர். 1957இல் அதே நோயில் இறந்தார். அவர் அறுவை செய்த நோயாளி அவருக்குப் பின்னும் உயிரோடிருந்தார்.

இது பெரிய கதை, பலரும் சொல்லிவிட்டார்கள். அதன் ஓரத்தில் கிடக்கும் சிறிய கதை ஒன்று உண்டு. நுரையீரலிலிருந்து கிளம்பிய புற்று, தலைக்குள் ஏறி பிட்யூட்டரியில் குடியேறும்போது நடப்பது அது. பிட்யூட்டரிக்குப் பரவும் புற்றுகளில் மார்பகமும் நுரையீரலும்தான் முதலிரண்டு இடங்களில் நிற்கின்றன. புற்றுநோயால் இறந்தவர்களின் உடற்கூறாய்வுகளில், நூறில் ஒன்று முதல் நான்கு பேருக்கு இந்தச் சுரப்பியில் புற்றுத் துளிகள் இருந்ததாகப் பல தொகுப்புகள் சொல்கின்றன. அரிதுதான். ஆனால் 374 என்பதும் ஒரு காலத்தில் அரிதாகவே இருந்தது.

பிட்யூட்டரி கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். எடை அரை கிராமைச் சற்றே தாண்டும். மூக்கின் வேருக்குப் பின்னால் மண்டையோட்டின் தரையில் உள்ள ஒரு எலும்புக் குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. மூளையில் சேரும் சளி இதன் வழியாக வடிந்து மூக்குக்கு இறங்குகிறது என்று பண்டைய மருத்துவர் கேலன் எழுதிவைத்ததை மருத்துவ உலகம் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் நம்பியது. 1543இல் மனித உடலைத் தன் கையால் அறுத்துப் பார்த்து எழுதிய வெசாலியஸும் இந்த ஒரு விஷயத்தில் கேலனைத் தாண்டவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஷ்னைடரும் இங்கிலாந்தின் ரிச்சர்ட் லோவரும் சளி அங்கிருந்து வரவில்லை என்று நிறுவினார்கள். அப்படியானால் இது எதற்கு இருக்கிறது என்று கேட்டால், அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு எவரிடமும் பதிலில்லை.

பதில் வந்த விதம்தான் கவனிக்கவேண்டியது. ஆரோக்கியமான பிட்யூட்டரியைப் பார்த்து அதன் வேலையை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கெட்டுப்போன பிட்யூட்டரிகள்தான் பாடம் நடத்தின. அதே 1912இல் ஜெர்மனியில் எரிக் ஃபிராங்க் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். தற்கொலைக்கு முயன்று நெற்றிப்பொட்டில் சுட்டுக்கொண்டவர் அவர். உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் பிறகு தாகம் அடங்கவேயில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், குடித்ததெல்லாம் சிறுநீராகப் போயிற்று. சிறுநீரில் சர்க்கரை இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், துப்பாக்கிக் குண்டு பிட்யூட்டரி இருக்கும் குழிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. சர்க்கரை இல்லாத இந்த நீரிழிவைச் சர்க்கரை நோயிலிருந்து 1794இலேயே பிரித்துக் காட்டியவர் யோஹான் பீட்டர் ஃபிராங்க் (பெயர் ஒற்றுமை தற்செயல்). அது எங்கிருந்து கிளம்புகிறது என்று காட்டுவதற்கு நூற்றுச் சொச்சம் ஆண்டுகளும் ஒரு குண்டும் தேவைப்பட்டன.

குண்டு செய்ததைப் புற்றும் செய்யும் என்று சொன்னவர், ஹாம்பர்க் நகர மருத்துவமனையில் பிணங்களை அறுத்து நோயைப் படித்த மோரிஸ் சிம்மண்ட்ஸ். மார்பகப் புற்றுநோயோடு அடங்காத தாகமும் இருந்து இறந்த பெண்ணின் பிட்யூட்டரியில், பின்பகுதியைப் புற்று தின்றிருப்பதை அவர் கண்டார். பிட்யூட்டரிக்குப் புற்று பரவும் என்பது 1857இலேயே தெரியும். மெலனோமா உடலெங்கும் பரவி இறந்த ஒருவரிடம் பெஞ்சமின் என்பவர் அதைக் கண்டு எழுதியிருந்தார். சிம்மண்ட்ஸ் கூடுதலாகச் செய்தது, நோயாளி உயிரோடிருந்தபோது சொன்ன தாகத்தையும் இறந்தபின் மேசையில் தெரிந்த புற்றையும் ஒரே கோட்டில் வைத்ததுதான். 1913இல் ஜெர்மனியில் ஃபான் டென் ஃபெல்டனும் இத்தாலியில் ஃபரீனியும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, விலங்குகளின் பிட்யூட்டரி பின்பகுதிச் சாற்றை ஊசியாகப் போட்டு இத்தகைய நோயாளிகளின் சிறுநீரைக் குறைத்துக் காட்டினார்கள். ஆக, முதல் உலகப் போர் தொடங்குவதற்கு முன்பே அறிகுறி, காரணம், மருந்து மூன்றும் மருத்துவர்களின் கையில் இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

புற்று ஏன் பெரும்பாலும் பின்பகுதியைத் தேடிப் போகிறது? இதற்கு விடை ரத்தக் குழாய்களின் அமைப்பில் இருக்கிறது. 1930இல் லண்டனில் ருமேனியரான கிரிகோரே போபாவும் ஆஸ்திரேலியப் பெண் ஊனா ஃபீல்டிங்கும், மூளையின் அடிப்பகுதியையும் பிட்யூட்டரியின் முன்பகுதியையும் இணைக்கும் நுண்ணிய ரத்தநாளங்களை விவரித்தார்கள். ரத்தம் கீழிருந்து மேலே போகிறது என்று நினைத்தார்கள், திசை தவறிவிட்டது. மேலிருந்து கீழே என்று ஜெஃப்ரி ஹாரிஸும் கிரீனும் பின்னர் உறுதிப்படுத்தினார்கள். முன்பகுதிக்கு வரும் ரத்தம் பெரும்பாலும் இப்படி மூளையடியில் ஒருமுறை நுண்குழாய்களில் புகுந்து வெளிவந்த ரத்தம். பின்பகுதிக்கோ தமனி நேரடியாக வருகிறது. ரத்தத்தில் மிதக்கும் புற்றணுக்கள் முதலில் இறங்குவது நேர்வழியில்தான். பிட்யூட்டரியிலேயே தோன்றும் சாதாரணக் கட்டிகள் தாகத்தோடு வருவது மிக அரிது. வெளியிலிருந்து வந்த புற்றோ அடிக்கடி தாகத்தோடுதான் வருகிறது. அனுபவமுள்ள மருத்துவருக்கு இந்த ஒரு வேறுபாடே பாதி நோயறிதல்.

நுரையீரலுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. மற்ற உறுப்புகளில் தோன்றும் புற்றணு சிரைவழி வந்தால், முதலில் நுரையீரலின் வடிகட்டியில் சிக்கும். நுரையீரலிலேயே தோன்றியதற்கு அந்தத் தடை கிடையாது. அங்கிருந்து இதயத்தின் இடப்பக்கம், பெருந்தமனி, கழுத்துத் தமனி, தலை. 1889இல் லண்டனின் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் புரட்டிவிட்டு, புற்று கண்ட இடத்திலெல்லாம் முளைப்பதில்லை, தனக்கேற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்று வாதிட்டார். 1928இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் யூயிங், மண்ணாவது விதையாவது, ரத்தம் எங்கே போகிறதோ அங்கே புற்று போகிறது என்றார். பிட்யூட்டரியைப் பொறுத்தவரை யூயிங்கின் கட்சிக்கே வலு அதிகம் என்று எனக்குப் படுகிறது.

ஐம்பதுகளில் ஒரு விநோதமான அத்தியாயம் நடந்தது. முற்றிய மார்பகப் புற்றுநோய் ஹார்மோனை நம்பி வளர்கிறது. ஆகவே ஹார்மோனின் தலைவாசலையே எடுத்துவிடலாம் என்று ஸ்டாக்ஹோமில் லுஃப்ட்டும் ஒலிவெக்ரோனாவும் நோயாளிகளின் பிட்யூட்டரியை அகற்றத் தொடங்கினார்கள். சிலருக்குப் புற்று சுருங்கவும் செய்தது. அப்படி அகற்றிய சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரிந்தது: அவற்றில் கணிசமானவற்றில் ஏற்கெனவே புற்று குடியிருந்தது. எதிர்பார்த்து எடுத்தது வேறு, கிடைத்தது வேறு. அந்தப் பெண்கள் உயிரோடிருந்தார்கள் என்பதுதான் முக்கியம். பிணமேசைக்கு வெளியேயும் இந்த நோய் நடமாடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் அது ஒரு நோயியல் அடிக்குறிப்பாகவே ஒதுங்கிப்போயிற்று.

காரணம், நுரையீரல் புற்றும் ஹார்மோனும் என்றதும் மருத்துவர்களின் கண் வேறு பக்கம் போனதுதான். 1928இல் ஹர்ஸ்ட் பிரவுன், நுரையீரல் புற்றோடு முகத்தில் முடி வளர்ந்து சர்க்கரையும் ஏறிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். 1957இல் ஷ்வார்ட்ஸும் பார்ட்டரும் சகாக்களும், நுரையீரல் புற்றுநோயாளிகள் இருவருக்கு ரத்தத்தில் சோடியம் சரிந்துகொண்டே போவதை ஆராய்ந்து, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் தேவையில்லாமல் சுரக்கிறது என்றார்கள். 1962இல் கிராண்ட் லிடில், புற்றே ஹார்மோன் தயாரிக்கும் என்று நிறுவினார். அருமையான கண்டுபிடிப்புகள். இவற்றின் விளைவாக, நுரையீரல் புற்று என்றாலே ஹார்மோன் மிகுதி என்று ஒரு தலைமுறை படித்தது. பிட்யூட்டரிக்குள் நுழைந்தால் அதே புற்று நேர் எதிரானதைச் செய்யும், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் அதே ஹார்மோனை இல்லாமல் ஆக்கும் என்பது பாடப்புத்தகத்தின் சிறு எழுத்துக்குப் போனது.

வார்டில் இது எப்படி முடிகிறது என்று பாருங்கள். நுரையீரல் புற்றுக்கு சிகிச்சையில் இருக்கும் அறுபது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சோர்ந்து கிடக்கிறார். சாப்பாடு வேண்டாம் என்கிறார், குமட்டுகிறது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 122. "உப்பு இறங்கிடுச்சு" என்று உறவினர்களிடம் சொல்கிறார்கள்; கட்டி தேவையற்ற ஹார்மோனைச் சுரக்கிறது போலும், தண்ணீரைக் குறையுங்கள் என்கிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் பிட்யூட்டரி பழுதாகி, அட்ரினல் சுரப்பிக்குக் கட்டளை போகாமல், அது சுரக்கும் கார்ட்டிசால் வற்றினாலும் சோடியம் இப்படித்தான் இறங்கும். எண் ஒன்றுதான், காரணம் இரண்டு. முதல் காரணத்தை எழுதுவதற்கு முன் இரண்டாவதை விலக்கவேண்டும் என்பது விதி. அதற்குத் தேவை ஒரு கார்ட்டிசால் பரிசோதனை. அது விட்டுப்போகும்போது, வாசலில் காத்திருக்கும் மகள் ஏன் இப்படி வாடிப்போகிறார் என்று கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: எல்லாம் அந்த நோய்தாம்மா.

இந்தத் தலையங்கத்தின் வழக்கு இந்த ஒற்றைப் பதிலோடுதான். 1975இல் டியர்ஸ், சில்வர்மன் இருவரும் பிட்யூட்டரிக்குப் புற்று பரவிய 88 பேரின் விவரங்களை ஆராய்ந்தபோது, சுரப்பி கெட்டதன் அறிகுறி பதிவாகியிருந்தது பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களிடம்தான். இதை வைத்து, இது பெரும்பாலும் சத்தமில்லாத நோய் என்று எழுதும் வழக்கம் நிலைத்தது. ஓரளவு உண்மைதான். முன்பகுதியின் பெரும்பங்கு அழிந்த பிறகே குறை வெளியே தெரியும். பலருக்கு அதற்குள் ஆயுள் முடிந்துவிடும். ஆனால் எவரும் கேட்காத கேள்விக்கு நோயாளியின் கோப்பில் பதில் இருக்காது. சோர்வு, பசியின்மை, மெலிவு, தாழ்ந்த ரத்த அழுத்தம் ஆகிய இத்தனையும் பிட்யூட்டரியின் அறிகுறிகள். இத்தனையும் முற்றிய புற்றின் அறிகுறிகளும்கூட. பின்னால் கோப்பைப் புரட்டி ஆராய்பவர், அதில் எழுதியிருப்பதைத்தான் எண்ண முடியும்.

தாகம் மட்டும் தனித்துத் தெரியவேண்டும். தலைமாட்டில் வைத்த கூஜாத் தண்ணீர் நள்ளிரவுக்குள் தீர்ந்து, மனைவி இரண்டாம் முறை நிரப்பிக்கொண்டு வருகிறார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறார். வீட்டில் இருப்பவர் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஆனால் மருந்தின் சூடு என்று தாங்களே முடிவுகட்டிக்கொண்டு டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறார்கள். இதிலும் உடல் ஒரு தந்திரம் செய்கிறது. தேவைக்கு மிஞ்சிய நீரைச் சிறுநீரகம் தாராளமாக வெளியேற்றக் கார்ட்டிசால் வேண்டும். கார்ட்டிசாலும் வற்றியிருந்தால் தாகமும் சிறுநீரும் அடங்கி, ஒரு குறை மற்றதை மறைத்துவிடும். மூளை வீக்கத்துக்கோ வாந்திக்கோ டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்ததும் மறைந்திருந்தது வெளியே வரும். நேற்றுவரை அளவாகப் போனவர் இன்று ஆறேழு லிட்டர் போவார். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருக்கும் என்று நினைத்து விரலைக் குத்திப் பார்க்கிறார்கள். சர்க்கரை சரியாக இருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்த அலட்சியத்துக்கு உயிர் விலை உண்டு. 2009இல் லண்டனின் ஒரு பெரிய மருத்துவமனையில், இடுப்பு அறுவைக்காகச் சேர்ந்த 22 வயது இளைஞர் நீர்ச்சத்து வற்றி இறந்தார். பிட்யூட்டரிக் கட்டிக்குச் சிகிச்சை பெற்றவர். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் மருந்தை அன்றாடம் எடுக்கவேண்டியவர். அது கொடுக்கப்படவில்லை. தாகம் தாளாமல் வார்டிலிருந்தே காவல்துறைக்கு ஃபோன் செய்து தண்ணீர் கேட்டார். அவருக்கு இருந்தது புற்றுப் பரவல் அல்ல. ஆனால் காலியான ஹார்மோன் அதேதான். அவரது மரணமும் இதுபோன்ற வேறு தவறுகளும் பேசப்பட்டு, சர்க்கரை இல்லாத இந்த நீரிழிவுக்கு இருந்த டயாபடீஸ் இன்சிபிடஸ் என்ற பெயரே ஆளைக் குழப்புகிறது என்று முடிவுகட்டி, 2022இல் சர்வதேச நிபுணர் குழு அதை, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் அந்த ஹார்மோனின் பெயரால், வாசோபிரெசின் குறைபாடு என்று மாற்றியது. பெயர் மாற்றம் நல்லதுதான். ஆனால் தாகம் என்று கெஞ்சும் ஒருவருக்குத் தண்ணீர் கொடுக்க எந்தப் பெயரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இப்போது ஏன் இதைப் பேசவேண்டும்? இருபது ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோயாளியின் நிலைமை மாறிவிட்டது. 2004இல் இந்தப் புற்றில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் மாற்றம் கண்டறியப்பட்டபின், புகையைத் தொடாத பலருக்கும் தினம் ஒரு மாத்திரையோடு ஆண்டுக்கணக்கில் வாழும் வழி திறந்தது. ஆயுள் நீளும்போது, முன்பு வருவதற்கு அவகாசமே கிடைக்காத பரவல்களும் வெளிப்படுகின்றன. எம்ஆர்ஐ, உடற்கூறாய்வுக்குக் காத்திருக்காமல் சுரப்பியின் தண்டு தடித்திருப்பதையும், பின்பகுதியில் இயல்பாகத் தெரியவேண்டிய வெண்புள்ளி மறைந்திருப்பதையும் காட்டிவிடுகிறது. கூடவே புதுக் குழப்பமும் வந்தது. உடலின் எதிர்ப்பு சக்தியை அவிழ்த்துவிடும் இம்யூனோதெரபி மருந்துகள் சிலருக்குப் பிட்யூட்டரியையே அழற்சிக்குள்ளாக்குகின்றன; 2011இல் வந்த இபிலிமுமாபில் இது பத்தில் ஒருவர் அளவுக்குப் போகிறது, 2015 முதல் நுரையீரல் புற்றுக்குப் புழங்கும் நிவோலுமாப் வகையில் குறைவு. ஆக, சுரப்பி கெட்டிருந்தால் காரணம் நோயா, மருந்தா என்று பிரித்தாகவேண்டும். இங்கேயும் பழைய தாகம் கைகொடுக்கிறது: மருந்தால் வரும் அழற்சியில் அது அரிது. நம் நாட்டில் மூன்றாவதாகக் காசநோயையும் மறக்க முடியாது. அது பிட்யூட்டரியையும் பிடிக்கும். நுரையீரல் புற்றே நம்மிடையே பலருக்கு முதலில் டிபி என்று பெயர் சூட்டப்பட்டு, மாதக்கணக்கில் அதற்கான மாத்திரை தின்ற பிறகுதானே வெளியே வருகிறது.

பிட்யூட்டரி வரை போய்விட்டால் எத்தனை நாள் இருக்கப் போகிறார், இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டாக்டர்களிலும் உண்டு. பழைய தொகுப்புகளில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டவில்லை என்பது உண்மை. சுரப்பியில் உள்ள புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுக்கலாம்; பார்வை நரம்பை அழுத்தினால் மூக்கு வழியாக அறுவை செய்து அழுத்தத்தைக் குறைக்கலாம்; இவை ஆயுளைப் பெரிதாக நீட்டும் என்று யாரும் வாக்குறுதி தருவதில்லை. ஆனால் ஹார்மோனைத் திருப்பிக் கொடுப்பது வேறு கணக்கு. கார்ட்டிசால் வற்றிக் கிடந்தவருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்தால், பலர் ஓரிரு நாளில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறார்கள். 1967இல் பிராக் நகரில் உருவாக்கப்பட்ட டெஸ்மோபிரெசின், மாத்திரையாகவோ மூக்குத் துளியாகவோ, அவரையும் அவர் மனைவியையும் இரவு தூங்கவைக்கிறது. கீமோதெரபியின் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையும் இல்லை. மிச்சமிருக்கும் ஆறு மாதத்தைப் படுக்கையில் கழிப்பதா திண்ணையில் கழிப்பதா என்பது அந்த மனிதருக்குச் சின்ன விஷயம் அல்ல.

கேட்கவேண்டியது அதிகமில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள், இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளைப் புற்றுநோய்ப் பிரிவின் ஓபியில் செவிலியரே கேட்டுவிடலாம். பதில் சந்தேகமாக இருந்தால் சோடியமும் காலை எட்டு மணி கார்ட்டிசாலும் பார்க்கவேண்டும். டெக்ஸாமெத்தசோன் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த கார்ட்டிசாலை நம்பக்கூடாது. தைராய்டு பார்த்தாச்சு, நார்மல் என்று சொல்லப்படும் இடத்தில் கொஞ்சம் நிதானிக்கவேண்டும். பேக்கேஜில் பார்ப்பது பெரும்பாலும் டிஎஸ்ஹெச் மட்டும்தான். அதைச் சுரப்பதே பிட்யூட்டரி. அது கெட்டிருந்தால் டிஎஸ்ஹெச் நார்மலாகவே காட்டலாம், தைராக்சின் (டி4) மட்டும் கீழே கிடக்கும். கூடவே டி4 கேட்டால்தான் குறை தெரியும். தெரிந்ததும் அவசரப்பட்டு தைராக்சினை முதலில் தொடங்கினால், ஏற்கெனவே வற்றியிருக்கும் கார்ட்டிசால் இன்னும் வேகமாகச் செலவாகி நோயாளி சரிந்துவிடுவார். ஹைட்ரோகார்ட்டிசோன் முதலில், தைராக்சின் பிறகு. இந்த வரிசையை டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரிய எழுத்தில் எழுதி, மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது, காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டவேண்டும் என்று கூட இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லி அனுப்பவேண்டும்.